கிருமியும் நம் குழந்தைகளும்

(சங்க ஆண்டு விழாவில் ஞாயிறு வகுப்பு ஆசிரியைகள் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்து மாடியில் நம் சிறுவர் சிறுமியர்க்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்கும் நாங்கள், சென்ற ஆண்டு முதல் சுகாதாரப் பாடமும் நடத்தி வருவதைத் தாங்கள் அறிவீர்கள். அப்பாடத்தில் நாங்கள் செய்த பிழை ஒன்றையும், அதைத் திருத்திக்கொள்ள முயன்ற விதத்தையும் எடுத்துரைக்கவே இம்மேடைக்கு வந்தோம். செயலாளர் இப்போதே கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆதலின் சுருங்கச் சொல்வோம்.

நாம் வந்து குடியேறிய இக்கொல்கத்தா, கிருமி ஆராய்ச்சியின் வரலாற்றில் தனியிடம் பெற்ற நகரம். ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் 1883-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கு வந்து, அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே காலராக் கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டினார். காற்புள்ளிபோல் வளைந்த அக்கிருமியை அவர் நோயுற்றோரின் குடலில் மட்டுமன்றிக் குளத்து நீரிலும் கண்டார். மக்கள் அந்நீரிலேயே குளித்தனர்; துணி துவைத்தனர்; அதனையே பருகவும் செய்தனர். அக்கிருமி சுரக்கும் நஞ்சுதான் குடலினின்று நீரை வெளியே கொட்டச் செய்கிறது என்பதை 1959-இல் உலகுக்கு உணர்த்தியவர் இந்நகரத்து மருத்துவர் சம்புநாத் தே. 1971-இல் வங்கதேச அகதிகள் எல்லையோரத்துப் பங்காவ் முகாமில் காலராவால் மடிந்தபோது, நரம்பில் ஏற்றும் நீர் போதாத நிலையில், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே புகட்டச் செய்தார் மருத்துவர் திலீப் மகலனாபிஸ். நூற்றுக்கு முப்பது பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில், இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது.

இவற்றையெல்லாம் குழந்தைகட்குக் கதையாகச் சொன்னோம். விழிகள் விரியக் கேட்டனர். பிழை அதன் பின்னர் நேர்ந்தது.

கரும்பலகையில் இரு படங்கள் வரைந்தோம். ஒருபுறம் சாக்கடை ஓரத்துக் குடிசை. அதைச் சுற்றிக் கொம்பும் கோரைப்பல்லும் உடைய கிருமிகள். மறுபுறம் கோலமிட்ட வாசலோடு ஓர் அழகிய வீடு. அங்கே கிருமி ஒன்றுகூட இல்லை. குழந்தைகள் கை தட்டினர். எங்களுக்கும் பெருமையாக இருந்தது.

அவ்வாரமே நம் காலனியைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, வீட்டு வேலைக்கு வரும் மாஷி நீர் கொண்டுவந்து நீட்டியபோது, "உங்கள் கையில் கிருமி இருக்கிறது; அம்மா கொடுத்தால்தான் குடிப்பேன்" என்று பிழையற்ற வங்க மொழியில் கூறினாளாம். மாஷி ஒன்றும் பேசாமல் டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு, எஞ்சிய பாத்திரங்களைத் துலக்கச் சென்றாராம். மாலையில் அச்சிறுமியின் தாய் இதனை எங்களிடம் கூறினார். அவரும் சிரிக்கவில்லை, நாங்களும் சிரிக்கவில்லை.

அச்சொல்லைக் குழந்தை எங்கிருந்து கற்றாள்? 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது வேலைக்கு வந்தோரை நாம் வாயிலில் நிறுத்தியது உண்டு. அதற்கு அன்று காரணமும் இருந்தது. எனினும் கரும்பலகைப் படம் எங்களுடையது. பழியை வேறெங்கும் போட இயலாது.

நம் வீடுகளில் வழங்கும் எச்சில், மடி, தீட்டு என்னும் மூன்று சொற்களைப் பற்றியும் அன்று நெடுநேரம் பேசினோம். அண்ணாந்து குடிப்பதும், வெளியே சென்று வந்தால் கால் கழுவுவதும், உண்ணுமுன் கை அலம்புவதும் எந்த மருத்துவரும் மெச்சும் பழக்கங்கள். ஆனால் தீட்டு என்பது, நீட்டிய கை யாருடையது என்று கேட்கிறது. கிருமிக்கு அக்கேள்வி இல்லை. அக்கை எப்போது கழுவப்பட்டது என்பதே அதற்குப் பொருட்டு. இவ்விரண்டையும் நாமே குழப்பிக்கொண்டிருந்தால் குழந்தை என்ன செய்யும்?

அடுத்த ஞாயிறு படங்களை அழித்தோம். சங்கப் பெரியவர் ஒருவரின் பேரன், மிகத் தூய்மையான வீட்டுப் பிள்ளை. அவன் உள்ளங்கையில் வண்ணக் கோலப்பொடியைத் தடவி, எல்லோருடனும் விளையாடச் சொன்னோம். பத்தே நிமிடத்தில் அப்பொடி கதவின் கைப்பிடியிலும், பென்சில்களிலும், ஏழெட்டுக் குழந்தைகளின் கைகளிலும், ஒருவன் மூக்கிலும், எங்களுள் ஒருவரின் பட்டுச் சேலைத் தலைப்பிலும் இருந்தது. சேலைக்குரியவர் அன்று கலங்கியதை இங்கு விவரிக்கமாட்டோம்.

பின்னர் எண்ணெயில் குழைத்த மஞ்சளைக் கைகளில் பூசி, வெறும் நீரில் கழுவச் சொன்னோம்; போகவில்லை. சோப்பு இட்டு, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாம் தேய்த்ததும் பெரும்பகுதி அகன்றது. குறைந்தது 20 வினாடி தேய்த்தல் வேண்டும். பன்னிரண்டு உயிரெழுத்துகளையும் நிறுத்தி இருமுறை சொன்னால் ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகிறது. தமிழ்ப் பாடமும் அதிலேயே நடந்துவிடுகிறது! மிளகுப் பொடி மிதக்கும் தட்டில் சோப்பு விரலை வைத்துக் காட்டும் வேடிக்கையை வேண்டுமென்றே விலக்கினோம். கிருமி சோப்பைக் கண்டு அஞ்சி ஓடுகிறது என்று குழந்தை எண்ணிவிடும். சோப்பு அழுக்கையும் பிசுக்கையும் தோலினின்று பிரிக்கிறது. நீர் அதனோடு கிருமியையும் கொண்டுபோகிறது. சில கிருமிகளைச் சோப்பே சிதைத்தும் விடுகிறது.

"அப்படியானால் எல்லாக் கிருமியையும் கொன்றுவிடலாமா?" என்றாள் ஒருத்தி. உறைமோரைக் காட்டினோம். பாலைத் தயிராக்குபவையும் நுண்ணுயிர்களே; இட்லி மாவைப் பொங்கச் செய்பவையும் அவையே; இவ்வூர் மிஷ்டி தோயும் அவற்றின் கைவேலையே. குழந்தைகள் தோய்க்காக நுண்ணுயிர்களை மன்னித்தனர்.

மூன்றாம் வகுப்புக்கு அந்த மாஷியையே அழைத்தோம். முதலில் எங்கள் வருத்தத்தைத் தெரிவித்துக்கொண்டோம். பேதி கண்ட குழந்தைக்கு உப்புச் சர்க்கரை நீர் கலப்பதை அவர் செய்து காட்டினார். எங்களுள் ஒருவர் பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளர் நீரில் கொட்டுவது வழக்கம் என்றார். மாஷி தலையசைத்து மறுத்தார். முழுப் பொட்டலம், உறையில் குறித்த அளவு நீர், கொதித்து ஆறிய நீர், சிறிது சிறிதாகப் புகட்டல், ஒரு நாள் கடந்தால் மிச்சத்தைக் கொட்டிவிடல். தம் மகனை இரவெல்லாம் இவ்வாறு காத்தவர் அவர். அவர் வசிக்கும் வரிசையில் பல குடும்பங்கட்கு ஒரே குழாய். நீரும் காலை மாலை மட்டுமே வருமாம். அந்த ஒரு குடத்தில் சமையலுக்கும் கை கழுவவும் அவர் பங்கிடும் முறையைக் கேட்டு, குழாயைத் திறந்துவிட்டு விளையாடும் நம் பிள்ளைகள் வாயடைத்து நின்றனர்.

பாடம் முடிந்து மாஷிக்குத் தேநீர் கொடுத்தோம். சிறுமி அருகே வந்து நின்றாள். பிறகு எங்களிடம் கேட்டாள்: "டீச்சர், சோப்புப் போட்டுக் கழுவினால் கிருமி போய்விடும் என்றீர்களே, அப்படியென்றால் எங்கள் வீட்டில் மாஷிக்கு மட்டும் ஏன் தனி டம்ளர்?"

எங்களால் விடை கூற இயலவில்லை. எங்கள் வீடுகளிலும் அலமாரியின் கீழ்த்தட்டில் அத்தகைய டம்ளர் ஒன்று இருந்தது. இன்று மாலை விழா முடிந்து வீடு சென்றதும், தாய்மார்கள் தத்தம் அலமாரியை ஒருமுறை பார்க்க வேண்டுகிறோம். வரும் ஞாயிறு அச்சிறுமி மீண்டும் கேட்பாள்.