பேய்களின் சாதி

(செஞ்சியில் நடந்த திரைப்பட விவாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பேய்ப் படத்தைப் பத்திப் பேச என்ன இருக்கு, பயந்துட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். நான் கேட்பது வேறு. யாரைப் பார்த்துப் பயப்படச் சொல்றாங்க? செத்தவன் பேயாக வருகிறான் என்றால், அவனைச் சாகடித்தவன் படத்தில் எங்கே இருக்கிறான்?

இன்று உலகமெங்கும் ஓடுகிற 'ஜோம்பி' ஹெய்தியின் கரும்புத் தோட்டத்தில் பிறந்தது. அடிமைக்குச் சாவு ஒன்றுதான் விடுதலை. செத்த பிறகும் எழுப்பி வேலை வாங்கிடுவான் ஆண்டை என்பதே அங்கிருந்த பேரச்சம். அந்த அச்சத்தை 1932இல் 'ஒயிட் ஜோம்பி' என்ற படம் எடுத்துக்கொண்டது. கரும்பு ஆலையில் நடைப்பிணங்கள் சுற்றிச்சுற்றி உழைக்கிறார்கள். ஒருவன் அரவைக்குள் விழுகிறான். ஆலை நிற்கவில்லை. படமும் நிற்கவில்லை. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி மயக்கப்படுவதுதான் அதற்குக் கதை. கறுப்பு உடம்பு அரைபடுவது வெறும் காட்சி.

1968 அக்டோபரில் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' வந்தது. கறுப்பின நாயகன் இரவெல்லாம் பிணங்களோடு போராடித் தப்பிக்கிறான். விடிந்ததும் துப்பாக்கியோடு வந்த வெள்ளைக் கும்பல் அவனைச் சுட்டு, மற்றப் பிணங்களோடு தீயில் போடுகிறது. அதே ஆண்டு டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. நம்மை எரிக்க எந்தப் பேயும் தேவைப்படவில்லை.

நமக்குப் பக்கத்திலேயே எடுக்கப்பட்ட ஒரு படத்துக்கு வருகிறேன். ராகுல் சதாசிவனின் மலையாளப் படம் 'பிரமயுகம்' (2024). பதினேழாம் நூற்றாண்டு. அடிமைத்தனத்துக்குத் தப்பி ஓடிவரும் பாணன் தேவன், காட்டுக்குள் பாழடைந்த மனையில் கொடுமண் போற்றியிடம் சிக்குகிறான். தாயம் ஆட வைத்து, தோற்றவனின் காலத்தையே போற்றி எழுதி வாங்கிக்கொள்கிறான். நல்ல இடம் அது. வங்கியில் கடன் ஏடு பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன்: எத்தனை வருசம் உழைத்தாலும் அசல் குறையவில்லை என்றால் அதற்குப் பேர் கடன் இல்லை. நம் மாவட்டத்து அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் முன்பணம் வாங்கி மாட்டிக்கொண்ட இருளர் குடும்பங்களுக்கு அந்தத் தாயக்கட்டை நன்றாகத் தெரியும். 1976இல் சட்டம் வந்த பிறகும் அது உருண்டுகொண்டுதான் இருந்தது.

ஆனால் படம் பிற்பாதியில் என்ன செய்கிறது? இத்தனை கொடுமையும் செய்தது போற்றி இல்லையாம். அவன் உருவத்தில் இருக்கிற சாத்தனாம்! அந்தச் சாத்தன் யார்? முன்னோன் ஒருவன் ஏவலுக்கு வைத்து வதைத்த அடிமை. எதிர்த்து எழுந்த அடிமை அரக்கனாகிவிட்டான். ஆண்டை பரணில் சங்கிலியோடு பரிதாபமாகக் கிடக்கிறான். கடைசியில் சாத்தன் பாணனின் உடம்புக்குள்ளேயே குடியேறுகிறது. அதிகாரம் கிடைத்தால் எவனும் பேய்தான் என்பது நீதி. கேட்க நியாயம் போல இருக்கும். மனை யாருடையது, நிலம் யாருடையது என்ற கேள்வியைச் சத்தமில்லாமல் புதைக்கிற நியாயம் இது.

வடமலபாரில் மலையர்கள் கட்டி ஆடும் குட்டிச்சாத்தன் தெய்யத்தின் கதை நேர் எதிரானது. நம்பூதிரி துண்டுதுண்டாக வெட்டிப்போட்ட பிள்ளை, பல சாத்தன்களாக எழுந்து வந்து அவன் இல்லத்தை எரிக்கிறான். மக்கள் அவனைக் கண்டு ஓடவில்லை, தெய்வமாக்கினார்கள். நம் மதுரைவீரனும் காத்தவராயனும் அப்படித்தான். கொலையுண்டவர்களைப் பேயாக்கி விரட்டுவது சினிமாவின் வழக்கம். கல் நட்டு, படையல் போட்டு, கணக்குக் கேட்கச் சொல்வது நம் வழக்கம்.

மாரி செல்வராஜின் 'கர்ணன்' (2021) இந்த வழக்கத்தைச் சேர்ந்தது. பேருந்து நிற்காததால் சாலையில் துடித்துச் செத்த சிறுமி, முகமூடியோடு படம் முழுக்க வருகிறாள். எவரையும் பயமுறுத்துவதில்லை. பார்த்துக்கொண்டே நிற்கிறாள். அந்தப் பார்வைக்கு ஊர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

செஞ்சிக்காரர்களுக்கு இது அயல் விசயம் இல்லை. 1622–23இல் டச்சுக்காரர்கள் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து 1,900 பேரை அடிமைகளாக ஏற்றிப்போனார்கள். தேவனாம்பட்டினம் அன்று செஞ்சி நாயக்கர் சீமை. 2025 சூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. தேசிங்குராஜனையும் அவன் குதிரையையும் ஊரே பாடும். கல் சுமந்தவனுக்கும் கப்பலேறினவனுக்கும் பாட்டு இல்லை.

மாணவத் தோழர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்க சேரியில் நட்டுவைத்த கல் யாருடையது, அவர் எப்படிச் செத்தார், யார் கையால் செத்தார் என்று பாட்டிகளிடம் கேட்டு எழுதுங்க. நாம எழுதலைன்னா, நம்ம செத்தவங்களை வேற எவனாவது பேயாக்கி நமக்கே டிக்கெட் போட்டு விப்பான்.