கொண்டும் கொடுத்தும் வளர்ந்த ஆங்கிலம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

பிறமொழிச் சொற்கள் மிகுந்தால் ஒரு மொழி அழிந்துபோகும் என்று அஞ்சுவோர் உண்டு. எவ்வளவு கலந்தாலும் தீங்கில்லை, ஆங்கிலமே அதற்குச் சான்று என்று வாதிடுவோரும் உண்டு. ஆங்கிலத்தின் வரலாற்றை முழுமையாக நோக்கினால் இரு சாராருமே தம் கருத்தைச் சிறிது திருத்திக்கொள்ள நேரும். அம்மொழி யாரிடமிருந்து, எந்நிலையில் இருந்துகொண்டு, எதைப் பெற்றது என்பதே ஆராயத்தக்கது.

கி.பி. 5ஆம் நூற்றாண்டு முதல் வடகடலைக் கடந்து பிரிட்டனில் குடியேறிய ஆங்கிலர், சாக்சன்கள், ஜூட்கள் ஆகிய செர்மானிய இனத்தாரின் பேச்சே பழைய ஆங்கிலம். அவர்களுக்கு முன்பே அங்கு வாழ்ந்த கெல்டியரின் மொழியிலிருந்து பொதுச் சொற்கள் மிகச் சிலவே அதில் ஏறின. ஆற்றுப் பெயர்கள் மட்டும் நிலைத்தன. 'ஏவன்' என்னும் கெல்டியப் பெயருக்கு 'ஆறு' என்பதே பொருள். ஆகவே 'ஏவன் ஆறு' என்று கூறுவோர், தம்மை அறியாமலே 'ஆறு ஆறு' என்கின்றனர். வென்று குடியேறியவர்கள் அம்மண்ணின் மக்களிடமிருந்து இடங்களின் பெயர்களுக்கு அப்பால் அதிகமாக எதையும் ஏற்கவில்லை. பின்னர் கி.பி. 597இல் உரோமிலிருந்து அகஸ்தின் தலைமையில் வந்த துறவியர் கிறித்தவ சமயத்தைக் கொணர்ந்தனர். அதனோடு வழிபாட்டுக்கும் கல்விக்கும் உரிய இலத்தீன் சொற்களும் வந்தன.

அடுத்து வந்தவர்கள் கொள்ளையராய் வந்து குடிகளாய் மாறினர். கி.பி. 793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடிய வடநாட்டாரின் வழியில் வந்த பிறர், அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் நிலம் உழுது வாழத் தொடங்கினர். அவர்களுடைய நார்ஸ் மொழி ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவுடையது. ஒரே சந்தையில் விற்று வாங்கி, பெண் கொண்டு கொடுத்து வாழ்ந்த மக்களிடையே சொற்களும் கலந்தன. வானத்தைக் குறிக்கும் 'ஸ்கை', கத்தியைக் குறிக்கும் 'நைஃப்', சட்டத்தைக் குறிக்கும் 'லா', கணவனைக் குறிக்கும் 'ஹஸ்பண்ட்' ஆகியவை அவ்வாறு வந்தவையே. 'அவர்கள்' எனப் பொருள்படும் 'தே' என்னும் பிரதிப்பெயரும் நார்ஸ் தந்ததே. ஒரு மொழி மற்றொன்றிலிருந்து பிரதிப்பெயரைக் கடன் வாங்குவது அரிது. ஆங்கிலத்தின் வேற்றுமை விகுதிகள் தேய்ந்ததற்கு இக்கலப்பும் ஒரு காரணம் என்று அறிஞர் பலர் கருதுவர்.

இங்கிலாந்தின் முதல் அச்சாளரான வில்லியம் காக்ஸ்டன் 1490இல் தம் நூலொன்றின் முன்னுரையில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். காற்றின்மையால் கப்பல் நின்றுவிட, கரையிறங்கிய வணிகர் ஒருவர் ஒரு வீட்டுப் பெண்ணிடம் முட்டை கேட்டார். அவர் வழங்கிய சொல் 'எக்ஸ்'. தமக்குப் பிரெஞ்சு தெரியாது என்று அப்பெண் விடையளித்தார். தமக்கும் பிரெஞ்சு தெரியாதே என்று வணிகர் சினந்தார். உடனிருந்த மற்றொருவர் 'எய்ரன்' என்று கேட்ட பிறகே பொருள் விளங்கிற்று. 'எய்ரன்' பழைய ஆங்கிலச் சொல். 'எக்ஸ்' நார்ஸ் தந்த சொல். வந்த சொல்லே இன்று வாழ்கிறது. பிறந்த சொல் வழக்கொழிந்தது.

1066இல் நார்மண்டியின் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்றபோது நிலைமை வேறாயிற்று. பிரெஞ்சு ஆள்வோரின் மொழியாயிற்று. ஆங்கிலம் உழுவோரின் மொழியாயிற்று. ஆட்சி, நீதி, போர், சமையல் ஆகிய துறைகளில் பிரெஞ்சுச் சொற்கள் நிரம்பின. தொழுவத்தில் நிற்கும் ஆட்டுக்கு 'ஷீப்' என்றும் மாட்டுக்கு 'ஆக்ஸ்' என்றும் பழைய ஆங்கிலப் பெயர்கள் இருக்க, உணவு மேசையில் அவற்றின் இறைச்சி 'மட்டன்', 'பீஃப்' எனப் பிரெஞ்சுப் பெயர் பெற்றது. 1819இல் வெளிவந்த 'ஐவன்ஹோ' புதினத்தின் வழி வால்டர் ஸ்காட் இதனைப் புகழ்பெறச் செய்தார். எனினும் இவ்வேறுபாடு ஒரே நாளில் ஏற்பட்டதன்று, படிப்படியாக உறுதிப்பட்டது.

இக்காலத்து இழப்பை மறைத்தல் கூடாது. படையைக் குறித்த 'ஹெரெ' போன எண்ணற்ற பழஞ்சொற்கள் மறைந்து, 'ஆர்மி' போன்றவை அவற்றின் இடத்தைப் பிடித்தன. ஆயினும் மொழி மாளவில்லை. பெருந்திரளான மக்கள் வீட்டிலும் வயலிலும் அதை விடாது பேசி வந்தனர். 1204இல் நார்மண்டி கைவிட்டுப்போனபின் பிரபுக்களுக்குப் பிரான்சுடன் இருந்த பிணைப்புத் தளர்ந்தது. 1362இல் நீதிமன்ற வழக்குரை ஆங்கிலத்திலேயே நிகழ வேண்டும் என்று சட்டம் பிறந்தது. அச்சட்டம் எழுதப்பட்டதோ பிரெஞ்சு மொழியில்! இலக்கணப் பள்ளிகளில் பிள்ளைகள் பிரெஞ்சை விட்டு ஆங்கிலத்தின் வழியே பயில்கின்றனர் என்று ஜான் டிரெவிசா 1385இல் குறித்தார். 1399இல் நான்காம் ஹென்றி ஆங்கிலத்திலேயே அரியணைக்கு உரிமை கோரினார். நீதிமன்றத்துக்கு ஆங்கிலம் திரும்பியபோது 'ஜட்ஜ்', 'ஜூரி' என்னும் பிரெஞ்சுச் சொற்களைத் தன் சொற்களாகவே ஏந்திச் சென்றது.

மறுமலர்ச்சிக் காலத்தில் இலத்தீன், கிரேக்கச் சொற்கள் வெள்ளமெனப் புகுந்தபோது எதிர்ப்பும் எழுந்தது. கேம்பிரிட்ஜின் கிரேக்கப் பேராசிரியராக விளங்கிய சர் ஜான் சீக், ஆங்கிலம் கலப்பின்றித் தூயதாக எழுதப்பட வேண்டும் என்று 1557இல் ஒரு கடிதத்தில் வற்புறுத்தினார். நூற்றுவர் தலைவனுக்குரிய இலத்தீன் சொல்லை நீக்கி, 'நூறு' என்னும் ஆங்கிலச் சொல்லினின்றே 'ஹண்ட்ரடர்' என்று புதுச்சொல் ஆக்கினார். ஆனால் அக்கடிதத்தில் 'தூய' என்பதற்கு அவர் வழங்கிய 'பியூர்' என்னும் சொல்லே பிரெஞ்சு வழி வந்தது. 19ஆம் நூற்றாண்டில் டார்செட் கவிஞர் வில்லியம் பார்ன்சும் அம்முயற்சியைத் தொடர்ந்தார். இலக்கணத்துக்கு 'ஸ்பீச்கிராஃப்ட்' என்று பெயரிட்டார். இவ்விருவரின் ஆக்கங்களும் வழக்கில் வேரூன்றவில்லை.

1600இல் கிழக்கிந்தியக் கும்பினி பட்டயம் பெற்றபின் தமிழும் ஆங்கிலத்துக்குச் சொற்கள் ஈந்தது. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' என்னும் பெயரில் இறைச்சி சேர்ந்த குழம்பாயிற்று. மரங்களைப் பிணைத்துக் கட்டிய கட்டுமரம், 'கேட்டமரான்' என்று இரட்டை உடல் கொண்ட படகுக்குப் பெயராயிற்று. இத்தகைய சொற்களைத் திரட்டி 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியின் ஆசிரியர் இருவருள் ஒருவரான ஏ. சி. பர்னல், தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றியவர். நார்ஸ் தந்த சொற்களைப் போல இவை மொழியின் உள்ளத்தைத் தொடவில்லை. பொருள் சென்றது, அதன் பெயரும் உடன் சென்றது.

ஆங்கில அகராதியில் பிரெஞ்சும் இலத்தீனும் தந்த சொற்களே பெரும்பகுதி. ஆனால் அன்றாடம் மிகுதியாக வழங்கும் முதல் நூறு சொற்களைக் கணக்கிட்டால், அவற்றில் ஏறத்தாழ எல்லாமே பழைய ஆங்கிலச் சொற்கள். வாக்கியத்தைக் கட்டி நிறுத்துபவை அவையே. அயற்சொற்கள் வந்து தங்கிய வீடு மக்களின் சொந்த வீடாகவே இருந்தது.

ஒரு மொழியின் எதிர்காலத்தை எண்ணிக் கவலையுறுவோர் இவ்வரலாற்றில் கருத வேண்டியது ஒன்றுண்டு. மூன்று நூற்றாண்டுக் காலம் ஆங்கிலத்துக்கு நேர்ந்த பெருங்கேடு, நீதிமன்றத்திலும் அரசவையிலும் பள்ளியிலும் அது தன் இடத்தை இழந்து நின்றமையே. அவ்விடங்களை மீட்டபின் வந்த சொற்களையெல்லாம் அது செரித்துக்கொண்டது. வந்து சேரும் சொற்களை எண்ணிப் பார்ப்பதோடு, மொழி எந்தெந்த மன்றங்களில் ஒலிக்கிறது, எங்கெங்கு அதன் குரல் நின்றுபோயிற்று என்பதையும் எண்ணிப் பார்ப்பது தமிழன்பர்களின் கடமையாகும்.