கழுத்தில் இல்லாத கழலை

நம்முடன் பணிபுரியும் நண்பர் ஒருவர், ஆங்கிலத்தில் அமைந்த மருத்துவ அறிக்கை ஒன்றை ஒரு நாள் நம்மிடம் நீட்டினார். அவருடைய மனைவியாரின் சினைப்பையிலிருந்து அகற்றிய கட்டியைப் பற்றியது அது. அதில் 'தைராய்டுப் புற்று' என்று கண்டிருந்தது. "வயிற்றில் எடுத்த கட்டிக்குக் கழுத்து நோயா? வேறு யாருடைய தாளோ மாறி வந்துவிட்டது" என்று அதைக் கிழித்தெறியவும் துணிந்திருந்தார். மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நாமும் முதலில் மயங்கினோம். மருத்துவரை அணுகிக் கேட்டபோதுதான், தாள் மாறவில்லை என்பது விளங்கிற்று.

சினைப்பையிலுள்ள கருவணுக்களுக்கு உடலின் பல்வேறு திசுக்களாக வளரும் ஆற்றல் உண்டு. அவற்றினின்று எழும் டெரடோமா என்னும் கட்டியில் மயிரும் பல்லுங்கூடக் காணப்படும். அதில் பாதிக்கு மேல் தைராய்டுத் திசுவாக இருப்பின், அதனை 'ஸ்ட்ரூமா ஓவாரீ', அதாவது சினைப்பைக் கழலை என்பர். சினைப்பைக் கட்டிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 1 இத்தகையது. அவற்றுள்ளும் பெரும்பாலானவை தீங்கற்றவை. சிலவற்றிலேயே புற்று தோன்றுகிறது.

அதனைக் கண்டறிவது எங்ஙனம்? அடிவயிற்று வலியும் வீக்கமும் பிற கட்டிகளுக்கும் உரியவை. ஸ்கேன் படமும் உறுதி கூறாது. சிஏ-125 என்னும் இரத்தச் சோதனையின் அளவோ தீங்கற்ற கட்டியிலும் உயரக்கூடும். ஆதலால், பெரும்பாலும் அறுவைக்குப் பின்னரே உண்மை வெளிப்படுகிறது.

அகற்றிய கட்டியின் பல பகுதிகளிலிருந்து மெல்லிய சீவல்கள் எடுத்து நுண்ணோக்கியில் காண்பர். செல்களின் உட்கருக்கள் மங்கிய கண்ணாடிபோல் வெளிறி, காப்பிக்கொட்டைபோல் நடுவே கோடு பெற்று, ஒன்றையொன்று நெருக்கி நின்றால், அது பாப்பில்லரி வகைப் புற்று. ஃபாலிக்குலர் வகை இவ்வாறு எளிதில் முகங்காட்டாது; செல்கள் சுற்றுத்திசுவிலோ இரத்தக்குழாயிலோ ஊடுருவியுள்ளனவா என்று தேடவேண்டும். தைரோகுளோபுலின் என்னும் புரதத்தைக் காட்டும் சாயச் சோதனை, திசு தைராய்டினது என்பதை உறுதிப்படுத்தும். ஆனால் அது நல்லதா தீயதா என்று சொல்லாது.

இன்னும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. கழுத்திலே பிறந்த புற்று சினைப்பைக்குப் பரவியதா, அன்றி அங்கேயே பிறந்ததா? முன்னது மிக அரிது. எனினும் கழுத்தையும் ஆராய்வர். கட்டியில் டெரடோமாவின் பிற திசுக்களும் இருந்தால், அது சினைப்பையிலேயே பிறந்தது என்பதற்குச் சான்றாகும்.

இத்தனை நுணுக்கம் எதற்கு? பெயர் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும். சினைப்பையின் வழக்கமான புற்றுக்கு அளிக்கும் மருந்துகள் வேறு. இதுவோ தைராய்டைப்போலவே அயோடினை உட்கொள்வது. ஆகவே, நோய் பரவியிருப்பின் கழுத்திலுள்ள தைராய்டையும் அகற்றிக் கதிரியக்க அயோடின் அளிப்பர். பின்னர் இரத்தத்தில் தைரோகுளோபுலின் அளவைப் பார்த்து வருவர். பல்லாண்டு கழித்தும் நோய் மீளக்கூடும் என்பதால், இக்கண்காணிப்பு இன்றியமையாதது.

நண்பர் அத்தாளைக் கிழிக்கவில்லை. அதனைக் கொண்டே அவர் மனைவியாருக்கு உரிய சோதனைகளும் சிகிச்சையும் தொடங்கின. நேயர்களே, அறுவையில் அகற்றிய கட்டி எதுவாயினும், அதன் திசு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள், பத்திரப்படுத்துங்கள். விளங்காத சொல் ஒன்றைக் கண்டால், பிழையென்று ஒதுக்காமல், மருத்துவரிடம் அதன் பொருளைக் கேளுங்கள். ஓர் உயிருக்கு வேண்டிய செய்தி அச்சொல்லில் இருக்கக்கூடும்.