சிவப்பு விளக்கின் கருணை

சென்னையிலிருந்து மும்பைக்குச் செல்லும் நம்மவரின் வண்டி, திருத்தணியைத் தாண்டிப் புத்தூர் வழியே போகிறது. ஊரை நெருங்குகையில் சிவப்பு விளக்கைக் கண்டு வண்டி நின்றுவிட்டால் நாம் சலித்துக்கொள்கிறோம். அச்சிவப்பின் பொருள் யாது?

தண்டவாளத்தில் ஒரு சிறு மின்னோட்டம் இடையறாது ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டி வந்ததும் சக்கரங்களும் அச்சும் அதனைக் குறுக்கே மடக்கிவிடும், விளக்கு சிவப்பாகும். கம்பி அறுந்தாலும் சிவப்பே. மின்கலம் ஓய்ந்தாலும் சிவப்பே. செய்தி வராவிடில் அதனை ஆபத்தென்றே கொள்ளவேண்டும் என்பதுதான் இங்கே நெறி. இக்காலத்து மின்னணுக் கருவிகள் சிலவற்றில் மூன்று கணிப்பொறிகள் தனித்தனியே கணக்கிடுகின்றன. இரண்டேனும் ஒத்துரைத்தாலன்றிப் பச்சை பிறவாது.

எனினும், இந்நெறியையும் மனிதக் கை மீறிவிடக்கூடும். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பகநாகா பஜாரில், கம்பிகள் மாற்றி இணைக்கப்பட்டிருந்தமையால், கிளைப்பாதைக்குத் திரும்பியிருந்த தடத்தில் நேர்ப்பாதைக்குரிய பச்சை எரிந்தது. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அறுந்த கம்பி உண்மையைச் சொல்லும். தவறாக இணைத்த கம்பியோ பொய் சொல்லும். ஆதலின், பழுது பார்த்தபின் ஒவ்வோர் இணைப்பையும் சோதித்தறிவதே உயிர்க்காவல். அச்சோதனைக்காக வண்டி சற்றே தாமதித்தால், நாம் பொறுத்துக்கொள்வோமாக.