பெயர்ந்தாரா, பெயர்க்கப்பட்டாரா?

(சாத்தான்குளத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அரசியல் மேடையில் இலக்கணம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு வினைச்சொல்லின் ஒரே ஓர் எழுத்தில் இலட்சக்கணக்கான ஏழைகளின் வழக்கு அடங்கிக் கிடக்கும்போது, அந்த இலக்கணம் நமக்கு வேண்டியதுதான்.

'பெயர்' என்பது பழந்தமிழ் வினைச்சொல். ஆளைக் குறிக்கும் பெயரோடு ஒலியால் ஒன்றாயினும் பொருளால் வேறு. இருந்த இடம் விட்டு அசைதல், மாறுதல் என்பது இதன் பொருள். 'அடி பெயர்ந்தான்' என்கிறோம், 'மொழிபெயர்ப்பு' என்கிறோம். நிலத்தைக் குறிக்கும் 'புலம்' என்னும் சொல்லோடு சேர்ந்தால் 'புலம்பெயர்தல்'. பிற நாடுகளிலிருந்து வந்து காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து வாழ்ந்தோரைக் குறிக்கப் பட்டினப்பாலையிலேயே இத்தொடர் வந்துவிட்டது.

இவ்வினைக்கு இரு வடிவம் உண்டு. 'பெயர்ந்தான்' என்றால் தானே நகர்ந்தான், அது தன்வினை. 'பெயர்த்தான்' என்றால் பிறிதொன்றை நகர்த்தினான்; அது பிறவினை. நம் ஊரில் நட்ட கல்லைக் கடப்பாரையால் பேர்த்தெடுத்தால், கல் தானாகப் பேர்ந்தது என்று எவரேனும் சொல்வரா? கடப்பாரை யார் கையில் இருந்தது என்றல்லவா கேட்பர்! கல்லுக்குக் கேட்கும் நியாயத்தை மனிதனுக்குக் கேட்க வேண்டாமா?

நெல்லைச் சீமையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் வறுமையால் துரத்தப்பட்டு, கங்காணியின் சொல்லை நம்பி இலங்கை மலையேறிய ஏழைகளை எண்ணிப் பாருங்கள். காடு திருத்தினர், தேயிலை வளர்த்தனர், அந்நாட்டின் கருவூலத்தை நிரப்பினர். கைம்மாறு என்ன? 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரியும் சிரிமாவோவும் ஒப்பந்தம் செய்தனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை, 1974-இல் மற்றோர் ஒப்பந்தத்தால் சரிபாதியாகப் பகிர்ந்தனர். மூட்டையைப் பங்கிடுவதுபோல் மக்களைப் பங்கிட்ட இக்கணக்கில், அம்மக்களின் கருத்துக்கு இடமிருந்ததா? இல்லை.

தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் வந்திறங்கினர். அவர்களுக்கு அரசு சூட்டிய பெயர் என்ன தெரியுமா? 'தாயகம் திரும்பியோர்!' இலங்கை மலையில் பிறந்து, இம்மண்ணை ஒருநாளும் கண்டறியாத பிள்ளை எங்ஙனம் இங்குத் 'திரும்பும்'? அனுப்பியவர்களை மறைத்துவிட்டு, அனுப்பப்பட்டவர் தாமே வந்ததாகக் காட்டுகிறது அந்தத் தன்வினை.

இது கடல் கடந்த கதை மட்டுமன்று. தாமிரபரணியோடு கலக்கும் மணிமுத்தாற்றின் மலையைப் பாருங்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் பம்பாய் பர்மா கம்பெனி 99 ஆண்டுக் குத்தகையாகப் பெற்ற காட்டில் மாஞ்சோலைத் தோட்டம் எழுந்தது. தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர் அங்கேயே பிறந்து, அங்கேயே உழைத்தனர். குத்தகை முடிவது 2028-இல். அதற்கு முன்னரே, 2024-இல், அவர்களிடம் கையொப்பம் கேட்டது கம்பெனி. வீட்டைக் காலி செய்ய நாளும் குறித்தது. அந்தத் தாளின் பெயர் 'விருப்ப ஓய்வு'! வேலையும் போய், வீடும் போய், போக்கிடமும் இல்லாதவனுக்கு விருப்பம் ஏது? காடு காக்கப்பட வேண்டியதே. அதை நாம் மறுக்கவில்லை. அக்காவலின் விலையைக் கூலிக்காரன் தலையில் மட்டும் சுமத்துவது எந்த நீதி?

தோழர்களே! தாமே பெயர்ந்தவருக்கு அரசு கொடுப்பதை இரக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். பெயர்க்கப்பட்டவருக்குக் கொடுப்பது கடன். அதைக் கேட்டுப் பெறுவது உரிமை. 'பெயர்ந்தோர்' என்று எழுதினால் மனு பிச்சைப் பாத்திரமாகிவிடும். 'பெயர்க்கப்பட்டோர்' என்று எழுதினால் யார் பெயர்த்தது என்ற கேள்வி எழும். பதில் சொல்ல வேண்டியவர் வெளியே வந்தாக வேண்டும். ஆகவே, நிலத்துக்கும் வீட்டுக்கும் நீங்கள் எழுதித் தரும் ஒவ்வொரு மனுவிலும் அந்தப் பிறவினையை எழுதுங்கள்; பெயர்த்தவர் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்!