நெல்லுன்னு ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம்

2010 ஜனவரியில, அமெரிக்காவுல கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்துல டாம் மிட்செல் குழு ஒரு புரோகிராமை ஓட விட்டாங்க. பேரு நெல். நம்ம வயல்ல விளையுறது இல்லைங்க! ராத்திரி பகலா இணையத்தைப் படிச்சு, தானாவே உலக அறிவைச் சேர்க்கிறதுதான் அதோட வேலையா இருந்துச்சு.

எப்படின்னா, "சேலம், நாமக்கல் போன்ற ஊர்கள்"னு ஒரு வரி கிடைச்சா, ரெண்டும் ஊர்னு குறிச்சுக்கும். அடுத்து "நாமக்கல் பஸ் ஸ்டாண்ட்"னு எங்கயாவது பார்க்கும். ஓ, 'பஸ் ஸ்டாண்ட்'டுக்கு முன்னாடி வர்றது ஊர் போலன்னு புது விதி போடும். அதை வெச்சு ராசிபுரம், ஆத்தூர் எல்லாம் பிடிச்சிடும்.

வம்பும் இங்கதான். சேலத்துல 'புது பஸ் ஸ்டாண்ட்' இருக்கே! 'புது'வும் ஊராயிடும்.

இது என் கற்பனை; ஆனா நெல் நிஜமாவே இப்படிச் சறுக்குச்சு. பிரவுசர் குக்கீயைத் தின்பண்டம்னு நினைச்சுது. குக்கீயை டெலீட் பண்றாங்க, ஃபைலையும் டெலீட் பண்றாங்க, அப்போ ஃபைலும் பேக்கரி ஐட்டம்! ஒரு தப்பு குட்டி போட்டுக்கிட்டே போச்சு. கடைசியில மனுஷங்கதான் உட்கார்ந்து திருத்தினாங்க.

நெல் படிச்சது இங்கிலீஷ். தமிழ்ல 'சேலத்துக்கு', 'சேலத்துல' எல்லாம் சேலம்தான்னு முதல்ல புரியணும். அதைக்கூடச் சமாளிச்சிடலாம். என் கவலை வேற. நாமக்கல் முட்டை விலை தினமும் செய்தியில வருது, மெஷின் படிச்சுக்கும். போர் போடுறப்ப வெளிய வர்ற தூளைப் பார்த்தே பாறை மாறிடுச்சுன்னு சொல்ற திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரரோட அறிவு? அது பேச்சுலதான் இருக்கு. உங்க வீட்டுல அப்படி ஒருத்தர் இருந்தா, பத்து நிமிஷம் பேச வெச்சு ரெக்கார்ட் பண்ணுங்க. அவர் சொன்ன வார்த்தையிலயே எழுதி வைங்க.