வாசலில் நின்று போடும் சாட்சிக் கையெழுத்து

(திருப்பாலைவனம் பகுதி மகளிர் குழுக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு ஊக்குநர் என்னிடம் கேட்டார். "மேடம், கையெழுத்து வாங்க வீட்டுக்குப் போறோம். சில வீட்டுக்குள்ள காலே வைக்க முடியல. குப்பை, நாத்தம், எலி. வாசல்லயே நின்னு வாங்கிட்டு வந்துட்டா தப்பா?" பக்கத்தில் இருந்தவங்க சிரித்தார்கள். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. யாரும் வெளியில் சொல்றதில்லை, எல்லோருக்கும் இருக்கிற சங்கடம் அது. அதனால் இன்றைக்கு அதைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நாம் எதுக்கெல்லாம் வீடு தேடிப் போகிறோம்? கடன் மனு, முதியோர் உதவித்தொகை மனு, காப்பீடு, ரேஷன் கார்டில் பேர் திருத்தம். இது குழு வேலை. இன்னொன்றும் இருக்கிறது. நாலு எழுத்து படித்தவங்க, ஊரில் நல்ல பேர் உள்ளவங்க என்று நம்மைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். பத்திரத்துக்கு, உயிலுக்கு, ஒப்பந்தத்துக்கு. அமெரிக்காவில் இப்படி வீடு தேடிப் போய்க் கையெழுத்து வாங்குவதையே தொழிலாக வைத்திருக்கும் நோட்டரிகள் இருக்கிறார்கள். அங்கேயும் இதே பிரச்சனைதான். மேஜை மேல் இடம் இருக்காது, வீட்டில் நாற்றம் இருக்கும், நோயாளி படுக்கையில் இருப்பார். நமக்கு அதில் சம்பளம் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில், எது அசுத்தம், எது இல்லை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். கூனங்குப்பத்திலோ அரங்கங்குப்பத்திலோ ஒரு வீட்டுக்குள் போனால் வலை குவிந்து கிடக்கும். மிதவை, ஈயக்குண்டு, ஐஸ் பெட்டி, கருவாட்டுக் கூடை எல்லாம் நடு வீட்டில் இருக்கும். அது குப்பை இல்லை, தொழில் சாமான். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகள் 300 சதுர அடியை ஒட்டித்தான் இருக்கின்றன. அதில் ஆறு பேர் படுக்கணும், லட்ச ரூபாய் வலையும் நனையாமல் இருக்கணும். வலையை வெளியில் போட்டால் எலி கடிக்கும். வேறு எங்கே வைப்பார்கள்? டவுனில் இருந்து வருகிற சில அதிகாரிகள் கருவாட்டு வாசனைக்கே மூக்கைப் பொத்துவார்கள். நாமும் அப்படிச் செய்தால் பார்க்க நல்லாவா இருக்கும்?

உண்மையிலேயே அசுத்தமான வீடுகளும் இருக்கின்றன. தனியாக இருக்கும் வயதானவங்க, படுத்த படுக்கையாய்க் கிடப்பவங்க, கவனிக்க ஆள் இல்லாதவங்க வீடுகள். படுக்கையிலேயே எல்லாம் ஆகியிருக்கும். சில பேர் பழைய பாட்டில், கவர், கந்தல் துணி எல்லாம் சேர்த்துச் சேர்த்து வைத்திருப்பார்கள், ஒன்றைக்கூட எறிய விட மாட்டார்கள். அளவுக்கு மீறிச் சேர்ப்பதை மனநல மருத்துவத்தில் ஒரு நோயாகவே இப்போது சேர்த்திருக்கிறார்கள். "ஏன் இப்படி வெச்சிருக்கீங்க"ன்னு திட்டினால் அது போகாது. அவங்க இல்லாத நேரத்தில் அள்ளி எறிந்தால் நம்மை மறுபடி வீட்டுக்குள் விட மாட்டார்கள்.

நாற்றம் வந்தால் நமக்கு அருவருப்பு வரும். அது உடம்பின் இயல்பு, வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அருவருப்பு வந்தால் அவசரமும் கூடவே வரும். சீக்கிரம் முடித்துவிட்டு வெளியே போகணும் என்று தோன்றும். தாளைப் படித்துக் காட்ட மாட்டோம், ஒரு வார்த்தை கேட்க மாட்டோம், விரலைப் பிடித்து ரேகையை வைத்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

பக்கத்துப் பஞ்சாயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பேர் வேண்டாம். எண்பது வயதை நெருங்கின ஒரு ஆயா. புருஷன் இல்லை. ஒரே மகள், எண்ணூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். ஆயா படுத்து ஆறு மாசம். வீட்டின் நிலைமையை நான் சொல்லவே வேண்டாம். கொழுந்தனார் பையன் ஒரு நாள் டைப் அடித்த தாளோடு வந்தான். நம்ம குழுவில் இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூப்பிட்டான். "உள்ள நாத்தமா இருக்கும்க்கா, நீங்க ஏன் கஷ்டப்படணும், திண்ணையிலயே உட்காருங்க. நான் பெரியம்மாகிட்ட ரேகை வாங்கிட்டு வரேன், நீங்க கீழ கையெழுத்து மட்டும் போடுங்க" என்றான். எவ்வளவு மரியாதையான பையன் பாருங்க!

ஒருவர் பேனாவை எடுத்துவிட்டார். இன்னொருவர், அவர்தான் நம்ம ஊக்குநர், "இல்லப்பா, ஆயாவைப் பார்த்து ரொம்ப நாளாச்சு, ஒரு எட்டு பார்த்துட்டு வரேன்" என்று உள்ளே போனார். ஜன்னலைத் திறந்தார். பாய் ஓரத்தில் உட்கார்ந்தார். "ஆயா, இது என்ன தாளுன்னு தெரியுமா?" என்று கேட்டார். "முதியோர் பணத்துக்கு எழுதிக் குடுக்கிறானாம்" என்றது ஆயா. தாளைப் பார்த்தால் உயில். வீடும் மனையும் அந்தப் பையன் பேருக்கு. மகள் பேர் ஒரு வரியில்கூட இல்லை.

ஊக்குநர் சண்டை போடவில்லை. தாளை மெதுவாக, சத்தமாக, ஆயாவுக்குக் கேட்கிற மாதிரி முழுசாகப் படித்தார். படித்து முடித்ததும் ஆயா கையை இழுத்துப் புடவைக்குள் வைத்துக்கொண்டது. அன்றைக்கு ரேகை விழவில்லை. அடுத்த வாரம் நம்ம குழுவே முதியோர் உதவித்தொகை மனுவை எழுதிக் கொடுத்தது.

பையன் கெட்டவன் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆறு மாசமாய் ஆயாவுக்குக் கஞ்சி கொடுத்தது அவன் பெண்டாட்டிதான். ஆயாவே விரும்பி அவனுக்கு எழுதி வைத்தால் அது அவங்க உரிமை. ஆனால் உயில் என்று தெரிந்து எழுத வேண்டும்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது? உயிலுக்கு முத்திரைத் தாள் தேவையில்லை, வெள்ளைத் தாளே போதும். பதிவு செய்வதும் கட்டாயம் இல்லை. அதனால்தான் அது வீட்டுக்குள்ளேயே சத்தமில்லாமல் முடிந்துவிடுகிறது. ஆனால் 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63-வது பிரிவின்படி இரண்டு சாட்சிகள் வேண்டும். எழுதிக் கொடுப்பவர் கையெழுத்தோ ரேகையோ வைப்பதை அவர்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது நான் வைத்த ரேகைதான்" என்று அவர் வாயாலேயே அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சாட்சிகளும் அவர் எதிரிலேயே கையெழுத்துப் போட வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து போட்டால் அது சாட்சிக் கையெழுத்தே ஆகாது. பின்னால் வழக்கு வந்தால் உயிரோடு இருக்கிற சாட்சி ஒருவரையாவது கோர்ட்டில் விசாரிப்பார்கள். "நீங்கள் பார்த்தீர்களா?" என்று வக்கீல் கேட்கும்போது கூண்டில் நிற்பது நாமாக இருக்கலாம். (பழவேற்காட்டு முஸ்லிம் குடும்பங்களுக்கு உயில் விதிகள் வேறு. ஆனால் பார்க்காமல் சாட்சி போடக் கூடாது என்பது எல்லோருக்கும் ஒன்றுதான்.)

இன்னொரு தவறான எண்ணம் நம்ம பக்கம் நிறைய இருக்கிறது. நோட்டரி வக்கீல் முத்திரை குத்திவிட்டால் வீடு, மனை கைமாறிவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கிரையமோ தான செட்டில்மெண்டோ சார் பதிவாளரிடம் பதிவாக வேண்டும். "ஆயாவைப் பதிவு ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போக முடியாது, அதான் நோட்டரி" என்று யாராவது சொன்னால், சார் பதிவாளரே வீட்டுக்கு வருவார் என்று சொல்லுங்கள். 1908-ம் ஆண்டு பதிவுச் சட்டத்தில் 31, 38 பிரிவுகளில் அதற்கு வழி இருக்கிறது. படுக்கையில் இருப்பவர், நடக்க முடியாதவர் என்றால் மனுக் கொடுத்து, மருத்துவர் சான்று வைத்து, தனிக் கட்டணம் கட்டினால் வருவார். உயிலையும் இப்படிப் பதிவு செய்யலாம்.

சரி, உள்ளே போவது எப்படி? முந்தின நாளே சொல்லி அனுப்புங்கள். திடீரென்று போய் நின்றால் அவங்களுக்குக் கூச்சம். ஒரு நாள் கிடைத்தால் கொஞ்சம் ஒதுக்கி வைப்பார்கள். வீடு இருட்டாகவோ ஈரமாகவோ இருந்தால், "ஆயா, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, வெளிச்சத்துக்கு வரலாமா?" என்று கேட்டு, நடக்க முடிந்தவரைத் திண்ணைக்கு அழைத்து வரலாம். குறை நம் கண்ணில் இருப்பதாகச் சொன்னால் அவங்க மனசு நோகாது. படுத்தே இருப்பவர் என்றால் நாம்தான் உள்ளே போக வேண்டும். முந்தானையால் மூக்கைப் பொத்த வேண்டாம். இருமல் உள்ள வீடாக இருந்தால், காசநோய் இருக்கலாம், மாஸ்க் போடுங்கள், ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். கொரோனாவுக்குப் பிறகு மாஸ்க்கை யாரும் தப்பாக நினைப்பதில்லை.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பார்த்தோமே, அது மாதிரி தண்ணீர் தேங்கின நேரத்தில் வாசல் வரை செருப்போடு போங்கள். காலில் புண் இருந்தால் அந்தத் தண்ணீரில் இறங்க வேண்டாம். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் இருந்து எலிக்காய்ச்சல் வரும். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கால் கழுவுங்கள். அவங்க எதிரிலேயே கழுவாதீர்கள்.

குடிக்கத் தண்ணி கொடுப்பார்கள். வேண்டாம் என்று தள்ளினால், சாதி பார்த்துத் தள்ளினதாகத்தான் மனசில் படும். இருளர் வீடுகளில் இந்தக் காயம் ரொம்ப ஆழம். தண்ணி பயமாக இருந்தால் "அக்கா, ஒரு டீ போடுங்களேன்" என்று உரிமையாய்க் கேளுங்கள். கொதித்த டீயில் பயம் இல்லை.

பையில் ஒரு பரீட்சை அட்டை, மை டப்பா, இரண்டு பேனா, பழைய துணி, சின்ன சோப்பு, டார்ச், பிளாஸ்டிக் கவர் இருந்தால் போதும். எழுத இடம் தேடி அவங்க சாமானை நகர்த்த வேண்டியிருக்காது. இறால் தடவிப் பிடிக்கிற பெண்கள், ஐஸில் கை வைத்து வேலை செய்பவங்க விரலில் ரேகை தேய்ந்திருக்கும். சோப்பால் கழுவி, துடைத்து, ஐந்து நிமிடம் காயவிட்டு மை தடவுங்கள். பக்கத்தில் இன்னாருடைய இடது கைப் பெருவிரல் ரேகை என்று எழுதி, எழுதினவர் கையெழுத்துப் போட வேண்டும். வெற்றுத் தாளில் யார் ரேகையும் வாங்கக் கூடாது, நம்ம கூட்டமைப்பு மனுவாக இருந்தாலும் சரி. அரசு ஓய்வூதியம் வாங்குகிறவங்க உயிர்வாழ் சான்றுக்கு, 2021-ல் இருந்து முகத்தைப் படம் பிடித்தே பதிவு செய்யும் வசதி இருக்கிறது. ரேகை விழவில்லை என்று அவங்களை அலைய விட வேண்டாம்.

பட்டா, ஆதார் எங்கே என்று கேட்டால் அரிசி டிரம், சாமி படத்துக்குப் பின்னால், கோணிப்பை என்று பத்து இடம் சொல்வார்கள். நாம் கை விட்டுத் துழாவக் கூடாது. அவங்களோ அவங்க சொல்கிற ஆளோ எடுக்கட்டும். போட்டோ எடுத்துக்கொண்டு, அசலை அவங்க கையிலேயே எண்ணிக் கொடுத்து, கவரில் போடச் சொல்லிவிட்டு வாருங்கள். பின்னால் ஒரு நகை காணோம் என்றால் பழி நம்ம மேல் வரக் கூடாது, பாருங்க.

கவனிக்க ஆள் இல்லாமல் கிடப்பவரைப் பார்த்தால், தாள் வேலை முடிந்தது என்று வந்துவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், மக்களைத் தேடி மருத்துவம் பணியாளருக்கும் சொல்லுங்கள். முதியோர் உதவி எண் 14567. சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்டால், 2007-ம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த பத்திரத்தை 23-வது பிரிவில் ரத்து செய்யக் கேட்கலாம். அதனால் எழுதும்போதே அந்த நிபந்தனையைச் சேர்க்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்றாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கு எண் 15100.

இந்த இரண்டு எண்ணையும் உங்கள் தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். சாட்சிக்கு யாராவது கூப்பிட்டிருந்தால் தேநீர் இடைவேளையில் என்னிடம் வாருங்கள், தாளையும் கொண்டு வாருங்கள், சேர்ந்து படிக்கலாம்.